பிடியும் அடியும்

மற்போர் என்பது இருவர் ஒருவரையொருவர் இறுகத் தழுவி வீழ்த்த முயலும் கலையாகும். தழுவல் அன்புக்கும் உரியது, பகைக்கும் உரியது. தாய் மகவைத் தழுவுகின்றாள். மல்லன் மாற்றானைத் தழுவுகின்றான். இவ்விரண்டாவது தழுவலினுள் முட்டிக்கும் இடமுண்டா என்பது மற்கலை பயில்வோரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வினா. பிடியும் பூட்டும் வீழ்த்தலும் கற்றாற் போதும், அடி வேண்டியதில்லை என்பர் ஒரு சாரார். அடியை மறந்து பிடியை மட்டும் கற்றல், ஆழம் அறியாது ஆற்றில் இறங்குதல் போன்றது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரிடத்தும் நியாயம் உண்டு. ஆதலின் இருவர் கூற்றையும் அளந்து பார்த்தே பயிற்சிக் களத்தில் அடிக்கு உரிய இடம் யாது, அதன் எல்லை யாது என்று துணிதல் வேண்டும்.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. கொழும்பு மாநகரில் மற்கலை பயிலும் இளைஞர் இன்று பலர் உளர். தெற்கே காலி வீதியை அடுத்த வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளிலிருந்தும், வடக்கே துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையின் நெருங்கிய ஒழுங்கைகளிலிருந்தும் மாலை வேளைகளில் தோளில் ஒரு பையுடன் புறப்படும் தமிழ் இளைஞரும் அவர்களுள் அடங்குவர். ஜூடோ ஆயினும், மல்யுத்தம் ஆயினும், அண்மைக்காலத்திற் பரவிவரும் பிரேசிலிய ஜுஜுட்சு ஆயினும் அவர்கள் கற்பது பிடிக்கலையே. சில மாதங்கள் சென்றதும் அவர்களுள் ஒருவன் ஆசானிடம், "மாஸ்டர், இப்படிப் பிடிச்சுக்கொண்டு கிடக்கேக்க அவன் முகத்தில குத்தினா என்ன செய்யிறது?" என்று கேட்பான். எளிய கேள்விதான். ஆயினும் ஒரு கலையின் அடித்தளத்தையே தொடும் கேள்வி அது.

தமிழ் மரபிற்கு இக்கேள்வி புதியதன்று. புறநானூற்றின் 80 ஆம் செய்யுளிலே, சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத காட்சியைச் சாத்தந்தையார் என்னும் புலவர் தீட்டியுள்ளார். சோழனின் ஒரு கால் மல்லனின் மார்பிலே மடிந்து ஊன்றுகின்றது. மற்றைய கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறமாக வளைகின்றது. இன்றைய பயிற்சிக் கூடத்து மாணவன் ஒருவன் இதனைப் படிப்பானாயின், தான் நேற்றுக் கற்ற பிடியையே ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஏட்டிற் கண்டதாக வியப்பான். ஆனால் புலவர் பிடியுடன் நிறுத்தினாரல்லர். பசியினால் மூங்கிலை முறித்துண்ண முயலும் யானையைப் போல, தலையும் காலுமாகிய இருமுனையும் ஒடியுமாறு சோழன் அம்மல்லனை எற்றினான் என்கின்றார். எற்றுதல் என்பது தமிழிலே மோதுதல், அடித்தல், உதைத்தல் எனப் பொருள் விரியும் சொல். பிடித்து நிறுத்துவதும் எற்றுவதும் அங்கு ஒரே போரின் இரு கூறுகளாக நிற்கின்றன.

அச்செய்யுளில் மற்றொரு நயமும் உண்டு. மகனோடு மனம் மாறுபட்டிருந்த தந்தை தித்தன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இந்தப் போரைக் கண்ணாற் காணவேண்டும் எனப் புலவர் விழைகின்றார். பிள்ளை களத்தில் இறங்கும்போது பெற்றோரின் உள்ளம் எவ்வாறிருக்கும் என்ற எண்ணம் அன்றைய புலவருக்கும் இருந்தது போலும்.

சங்கப் பாட்டு மட்டுமன்றிப் பின்வந்த மரபும் இதனையே காட்டுகின்றது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் மல்லாடலும் ஒன்று. மாயோன் வாணனை வென்ற மற்போரை அது நடித்துக் காட்டுவது. கம்சனுடைய அவையில் இரு பெருமல்லர் இருந்தனர். கண்ணனாற் கொல்லப்பட்டவன் சாணூரன். பலராமனாற் கொல்லப்பட்டவன் முட்டிகன். முட்டியாற் பொருபவன் என்பதே பின்னவன் பெயர் தரும் பொருள். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் 7 ஆம் நூற்றாண்டிலே மாமல்லன் என விருதுப் பெயர் பூண்டான். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. குமரி மாவட்டத்தில் வழங்கும் அடிமுறை தன் பெயரிலேயே அடியைக் கொண்டிருப்பினும், பூட்டுதலும் பூட்டை அவிழ்த்தலும் அதன் பாடங்களாக உள்ளன. அடியையும் பிடியையும் வெவ்வேறு வகுப்புகளாகப் பிரித்து வைக்கும் வழக்கம் பழைய மரபில் இல்லை என்பது இவற்றால் விளங்கும்.

ஆயினும் அப்பழைய மரபு கொடுத்த விலையையும் மறைத்தல் ஆகாது. 16 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விசயநகரத்தைப் பற்றி எழுதிய போர்த்துக்கேயரான பெர்னாவோ நூனிஸ், அரசவை மல்லர் கையிலே கூரிய முனைகளையுடைய வளையங்களை அணிந்து ஒருவரையொருவர் காயப்படுத்திப் பொருததைக் குறித்துள்ளார். மைசூரிலே ஜெட்டிகள் எனப்படும் மல்லர் குலத்தார் இத்தகைய போரை 'வஜ்ரமுஷ்டி' என்னும் பெயரால் வழிவழியாகப் போற்றிவந்தனர். தசரா விழாவின் இறுதி நாளில், யானை ஊர்வலம் புறப்படுமுன் அரண்மனையில் இப்போர் நிகழ்வது மரபு. தலை மழித்த இரு மல்லர் விரல்களிலே முட்டிக்கருவி பூண்டு களத்தில் இறங்குவர். தலையில் முதலிற் குருதி தோன்றியதும் போர் நிறுத்தப்படும். ஒரு துளி குருதியே முடிவு என வைத்ததில் அறிவுடைமை உண்டு. பிடியும் அடியும் தடையின்றிக் கலந்தால் எங்கே நிறுத்துவது என்பதை முன்னரே வகுத்தாக வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இலங்கையிலும் நிலைமை இதுவே. சிங்கள மக்களின் மரபுப் போர்க்கலை அங்கம்பொர எனப்படும். அங்கம், போர் என்னும் இரு சொற்களும் தமிழ்ச் செவிக்கு அந்நியமானவை அல்ல. அக்கலையில் வெறுங்கையாற் பொருவது ஒரு பிரிவு. படைக்கலத்தாற் பொருவது மற்றொரு பிரிவாகிய இளங்கம். வெறுங்கைப் பிரிவிலே பிடியும் பூட்டும், உடலின் நுண்ணிய நிலைகளைத் தாக்கும் அடியும் ஒருங்கே கற்பிக்கப்படுகின்றன. 1818 இல் ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர் ஆங்கிலேயர் இக்கலையைத் தடைசெய்தனர் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. பேராதனைக்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களைப் பார்த்தவர்கள், அங்கே செதுக்கப்பட்டுள்ள மல்லர் இருவரையும் மறந்திருக்க மாட்டார்கள். கிழக்கிலங்கையில் வழங்கும் சீனடியும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது. இத்தீவில் அடியும் பிடியும் ஓரினத்தின் தனியுடைமையாக இருந்ததில்லை.

அடியைப் பிடியிலிருந்து பிரித்தெடுத்து, அப்பிரிவின் மேல் ஒரு பெருங்கலையையே எழுப்பியவர் யப்பானியரான ஜிகொரோ கானோ. 1882 ஆம் ஆண்டு, தமது 21 ஆம் வயதில், டோக்கியோவிலே எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் 12 பாய்கள் விரித்த சிற்றறை ஒன்றில் அவர் கொடோக்கான் என்னும் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அவர் முன்னர்க் கற்ற பழைய ஜுஜுட்சு மரபுகளுள் ஒன்று, உயிர்நிலைகளில் அடிப்பதற்கும் கழுத்தை நெரிப்பதற்கும் பெயர்பெற்றது. அடியின் ஆற்றலை அறியாமல் அவர் அதனைத் தள்ளினாரல்லர், அறிந்தே தள்ளினார். முற்றிலும் தள்ளிவிட்டதாகவும் கூற முடியாது. இருவர் தம் முழுவலியோடும் விரும்பியவாறு பொரும் பயிற்சியிலிருந்து அடியை நீக்கினார்; முன்னரே வகுத்த ஒழுங்கில் இருவர் செய்து காட்டும் பயிற்சியில் அதனைப் பேணினார். அவர் 1938 இல் மறைந்த பின்னரும், 1956 இல் கொடோக்கான் தற்காப்புக்கென வகுத்த புதிய பயிற்சி ஒழுங்கிலே அடிக்கு இடம் அளிக்கப்பட்டது.

கானோவின் தெரிவிலே ஒரு முரண் உண்டு. அபாயமானதை நீக்கியதனாலேயே எஞ்சியது மெய்யாயிற்று. கண்ணைக் குத்தும் வித்தையையும் தொண்டையில் வெட்டும் வித்தையையும் எவனும் தன் தோழன்மீது முழு வேகத்தோடு பயிலவியலாது. பயின்றால் மறுநாள் பயிலத் தோழன் இரான். ஆதலால் அத்தகைய வித்தைகள் காற்றோடு பொரும் வித்தைகளாகவே நின்றுவிடுகின்றன. மாறாக, வீழ்த்துதலையும் அமுக்கிப் பிடித்தலையும் நாள்தோறும் முழுவலியோடு பயிலலாம். எதிர்ப்பவன் உண்மையாகவே எதிர்க்கின்றான். தோற்பவன் கையாற் பாயில் இருமுறை தட்டி விடுபடுகின்றான். அடுத்த கணம் இருவரும் மீண்டும் எழுந்து நிற்கின்றனர். பத்தாண்டுகளில் பல்லாயிரம் முறை மெய்யான எதிர்ப்பைச் சந்தித்த உடல், வித்தைகளின் பெயரை மட்டும் மனனம் செய்த உடலை எளிதில் வெல்லும். ஜூடோ 1964 இல் ஒலிம்பிக் அரங்கேறியதற்கும் உலகெங்கும் பரவியதற்கும் இதுவே அடிப்படைக் காரணம் எனலாம்.

எனினும் இழப்பும் உண்டு. விளையாட்டின் விதி உடலுக்குள் இறங்கிவிடும். அடி வராது என்று அறிந்த உடல், அடி வரும் இடத்திலே அஞ்சாமல் இளைப்பாறக் கற்றுக்கொள்கின்றது. இதனைச் சில நிலைகளால் விளக்கலாம். மல்லாந்து கிடப்பவன் தன் கால்களால் எதிரியின் இடையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சட்டைக் கழுத்தைப் பற்றி அவனை ஒரு முழத் தொலைவில் நிறுத்துகின்றான். பிடிப்போட்டியில் இது சிந்தித்துச் செயலாற்ற வாய்ப்பான நிலை. அடியையும் அனுமதித்துப் பார்த்தால், அந்த ஒரு முழமே முட்டி முழு வேகத்துடன் முகத்தை அடையும் தொலைவாகிவிடுகின்றது. கிடப்பவன் ஒன்றில் எதிரியின் தலையைத் தன் மார்போடு சேர்த்து அணைக்க வேண்டும். அல்லது காலை அவன் இடையில் ஊன்றி எட்டாத தொலைவுக்குத் தள்ள வேண்டும். இடைப்பட்ட தொலைவிலே கிடத்தல் ஆகாது.

மற்றொரு நிலை, ஆமை ஓட்டினுள் ஒடுங்குவது போல முழங்காலையும் முழங்கையையும் கூட்டிக் குப்புற ஒடுங்குதல். ஜூடோவில் நடுவர் சிறிது நேரத்தில் ஆட்டத்தை நிறுத்திவிடுவாராதலின் அது ஓர் அடைக்கலம். அடி கலந்த களத்தில் அது பிடரியையும் காதையும் திறந்து வைக்கும் நிலை. தலையைத் தாழ்த்தி எதிரியின் காலைப் பிடிக்கப் பாய்பவன், எழும் முழங்காலைக் கணக்கிலெடுக்க வேண்டும். காலைப் பூட்டுவதற்காகத் தன் இரு கைகளையும் எதிரியின் கணுக்காலிலே செலவிடுபவன், தன் முகத்தைக் காக்கக் கையில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நின்று கட்டிப்பிடிக்கும்போதும், எதிரியின் கையை மேற்கையிலே பற்றி அடக்குவதும் நெற்றியை அவன் தாடையின் கீழ் அழுத்துவதும், வீழ்த்துவதற்கு மட்டுமன்றி அடியைத் தடுப்பதற்கும் உரிய செயல்களாகின்றன. அடி கலந்ததும் பிடியின் பெறுமதி மாறுகின்றது. சில பிடிகளின் மதிப்பு உயர்கின்றது. சில பிடிகள் வெறும் அழகாக எஞ்சுகின்றன.

ஆகவே அடியை எவ்வாறு மீண்டும் அழைத்து வருவது என்பதே வினா. பண்டைய கிரேக்கர் கி.மு. 648 இல் ஒலிம்பிக் விழாவில் பங்கிராத்தியன் என்னும் போட்டியைச் சேர்த்தனர். கடித்தலும் கண்ணைத் தோண்டுதலும் நீங்கலாக ஏறத்தாழ யாவும் அதில் அனுமதிக்கப்பட்டன. அது அஞ்சாமையை வளர்த்திருக்கலாம். நாள்தோறும் பயிலத்தக்க ஒழுங்காக அதனைக் கொள்ள இயலாது. யப்பானிலே 1981 இல் தக்காஷி அசுமா நிறுவிய பள்ளி, முகத்திற்குக் கவசம் அணிவித்து அடியையும் பிடியையும் இணைத்தது. அதே நாட்டில் 1993 இல் தோன்றிய பங்கிரேஸ் என்னும் போட்டி வேறொரு வழியைக் கண்டது: முகத்தை மூடிய முட்டியால் அடித்தலாகாது, விரித்த உள்ளங்கையால் அடிக்கலாம். அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் டென்வர் நகரில் நிகழ்ந்த முதலாவது யு.எஃப்.சி. போட்டியில், பிரேசிலியரான ரொய்ஸ் கிரேசி அடிப்போரைப் பிடியால் வென்றார். பலர் அதனைப் பிடிக்கலையின் வெற்றியெனப் போற்றினர். அது உண்மையே. ஆயினும் அவர் குடும்பத்தார் பயின்ற பிடி, எதிரி அடிப்பான் என்பதை ஒருபோதும் மறவாத பிடி என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

விரித்த உள்ளங்கை என்பது பயிற்சிக் கூடத்திற்கு மிக உகந்த தீர்வு. அது கைவிரல் எலும்பையும் காக்கும். தோழனின் முகத்தையும் காக்கும். முதற் படியிலே அதுவும் அடியாக இருத்தல் வேண்டியதில்லை, தொட்டாற் போதும். மேலிருப்பவன் கீழிருப்பவனின் கன்னத்தை மெல்லத் தொடுகின்றான். தொடப்பட்டவன் தன் காப்பிலே திறந்திருந்த வாயிலை அக்கணமே அறிகின்றான். வலியின்றிக் கிடைத்த அறிவு அது. அடுத்த படியில் ஒருவன் மட்டும் தட்ட, மற்றவன் பிடியால் மட்டும் விடையிறுப்பான். இரு நிமிடம் முடிந்ததும் பாத்திரங்கள் மாறும். பின்னர்த் தடித்த கையுறையோடு உடலுக்கு மட்டும் அடி. பிடரி, முதுகெலும்பு, தொண்டை, கண் ஆகியவை எப்படியிலும் விலக்கப்பட்டவை. முழங்கை விலக்கு. களைத்தவன் அளவை இழப்பான். ஆதலின் பயிற்சியின் இறுதி வேளையில் அடி கலத்தலாகாது. சிறுவர்க்கு இது வேண்டியதேயில்லை. நிறையிலும் வயதிலும் பெரிதும் வேறுபட்டவர்களை இதற்கு இணையாக்கலாகாது. விருப்பமில்லை என்று ஒருவன் சொன்னால், ஏனென்று கேட்கப்படாமல் அவன் சொல் ஏற்கப்படல் வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று வீரம் பேசுவோர் கேட்கலாம். விடை மருத்துவத்தில் உண்டு. தலையில் ஓயாது அடிவாங்கிய குத்துச்சண்டை வீரர்க்கு நடை தள்ளாடுவதையும் அறிவு மழுங்குவதையும் அமெரிக்க மருத்துவர் ஹரிசன் மார்ட்லண்ட் 1928 இலேயே எழுதி வெளியிட்டார். மண்டையோட்டினுள் மூளை அசைவதே தீங்கு, தோலின் காயமன்று. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும். உள்ளே மூளை அசைவதைத் தடுக்காது. கவசம் அணிந்தோம் என்னும் துணிவிலே மேலும் வலிந்து அடிப்பதும் உண்டு. மைசூர் ஜெட்டிகள் ஆண்டுக்கொருமுறை ஒரு துளி குருதியோடு நிறுத்தியதை, கிழமைக்கு மும்முறை அளவின்றிச் செய்யும் கூடம் வீரத்தை வளர்க்கவில்லை. தன் பிள்ளைகளின் முதுமையை விற்கின்றது.

இனி, தாயின் கேள்விக்கு வருவோம். கன்னம் சிவந்து வீடு திரும்பும் மகனைப் பார்த்து, "தம்பி, அடிவாங்கிக்கொண்டு வரவோ காசு கட்டிப் படிக்கிறாய்?" என்று வெள்ளவத்தைத் தாயொருத்தி கேட்பது வியப்பன்று. அக்கேள்வியின் பின்னால், அவள் வாய்விட்டுச் சொல்லாத வேறொரு கேள்வி உண்டு. இந்நகரிலே தமிழர் அடியை விளையாட்டாக அறிந்தவர்கள் அல்லர். 1983 யூலை 24 இரவு பொரளையில் மூண்ட வன்செயல் மறுநாள் வெள்ளவத்தைக்கும் நகரின் ஏனைய பகுதிகளுக்கும் பரவியது. வீடுகளும் கடைகளும் எரிந்தன; ஆயிரக்கணக்கானோர் உடுத்த உடையோடு இரத்மலானை விமான நிலையம் முதலான இடங்களில் அகதிகளாயினர். அன்று இளைஞராயிருந்தோர் இன்று பாட்டன் பாட்டியர். பேரனோ மகனோ தற்காப்புக் கற்கின்றான் என்று கேட்கும்போது அவர்கள் மனத்தில் எழுவது ஒன்றுதான்: அன்றைக்கு இது உதவியிருக்குமா?

நேர்மையான ஆசான் இல்லை என்றே விடை பகர்வான். பிடி என்பது இரு கைகளையும் ஒருவனிடத்தே ஒப்படைப்பது. கூட்டத்தில் நூறு பேர் நிற்கும்போது ஒருவனைக் கட்டிப்பிடித்து நிலத்தில் வீழ்பவன் எஞ்சிய தொண்ணூற்றொன்பது பேருக்கும் தன்னைக் கையளிக்கின்றான். அடியும் அவ்வாறே, நூறு பேரை அடித்து முடிக்கும் கை எவனுக்கும் இல்லை. 1983 இல் உயிர் தப்பியோருட் பலர் ஓடித் தப்பினர். அல்லது அயலிலிருந்த சிங்களக் குடும்பமொன்று கதவைத் திறந்ததனால் தப்பினர். 2007 யூன் 7 ஆம் நாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரினின்று அகற்றப்பட்டபோதும், அதனை இடைநிறுத்தியது மறுநாள் உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையேயன்றி எவனுடைய முட்டியுமன்று. தற்காப்புக் கலையைத் தன் இனத்தின் கேடயம் என்று எண்ணிக் கற்பவன், கலையின் மேல் அதனாற் சுமக்கவியலாத பாரத்தை ஏற்றுகின்றான்.

அங்ஙனமாயின் இக்கலையால் என்ன பயன்? பயன் வேறிடத்திலே உண்டு. கொட்டாஞ்சேனை 1983 க்கு நூறாண்டு முன்னரே கலவரத்தை அறிந்த ஊர். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று பௌத்த ஊர்வலம் ஒன்றை முன்னிட்டுக் கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் இடையே அங்கே கலவரம் மூண்டது. டோக்கியோவில் கானோ தம் மாணவரின் கையிலிருந்து அடியை எடுத்து வைத்த மறு ஆண்டு அது. அங்கே அடித்தவர்களுட் பலர் தாம் அடித்தவரை முன்பின் அறியாதவர். அடியின் எடையையும் அறியாதவர். கூட்டத்தில் அடிப்பவன் தன் கையைத் தன்னுடையதென்று எண்ணுவதில்லை. கலவரத்தின் இயல்பே அது.

பயிற்சிக் கூடத்திலே இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்கின்றது. கொழும்பின் கூடங்களில் தமிழன், சிங்களவன், முஸ்லிம், பறங்கியர் என்ற வேறுபாடின்றி இளைஞர் ஒரே பாயில் உருளுகின்றனர். ஒருவன் மல்லாந்து கிடக்க, மற்றவன் அவன் நெஞ்சின்மேல் அமர்ந்து கையை உயர்த்துகின்றான். கிடப்பவனின் முகம் முழுதும் அக்கையின் தயவில் உள்ளது. இந்நகரத்தின் வரலாற்றை அறிந்த எவனுக்கும் அச்சம் தரத்தக்க காட்சி அது. ஆனால் அக்கை விரிந்து, மெல்லக் கன்னத்தைத் தொட்டு, "இங்க திறந்திருக்கு மச்சான்" என்று சொல்லி மீளுகின்றது. மறு நிமிடம் கிடந்தவன் மேலேறுகின்றான். உயர்த்தும் கை இப்போது அவனுடையது. அடிக்க முடிந்தும் அடிக்காமல் நிறுத்திய கையை நாள்தோறும் கண்டவனுக்கும், தன் கையை அவ்வாறு நாள்தோறும் நிறுத்தியவனுக்கும் இடையே ஒரு நம்பிக்கை வளர்கின்றது. மேடைப் பேச்சினாலும் நல்லெண்ணத் தீர்மானங்களினாலும் வளர்வதன்று அது. உடலினால் உடலுக்குக் கற்பிக்கப்படுவது.

அடியை முற்றாக விலக்கிய பயிற்சியில் இந்நம்பிக்கைக்குச் சோதனையில்லை. அடி வராது என்று விதியே சொல்லிவிடுகின்றது. அடியை அளவின்றி விட்ட பயிற்சியில் நம்பிக்கைக்கே இடமில்லை. அளந்த அடி ஒன்றே கையை உயர்த்தவும் விடுகின்றது, நிறுத்தவும் கற்பிக்கின்றது. பிடிக்கலையில் அடியைச் சேர்த்தல் வேண்டும் என்பதற்கு, தெருச்சண்டையில் வெல்லலாம் என்பதைவிட இதுவே வலிய காரணமாகும். பிடியின் பொய்யை அடி வெளிப்படுத்தும். அடியின் வெறியைத் தோழமை அடக்கும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழும் இடம் பயிற்சிக் கூடமேயன்றி வேறில்லை.

ஆகவே ஆசானிடம் கேட்ட மாணவனுக்கு விடை உண்டு: முகத்தில் குத்தினால் என்ன செய்வதென்பதை மெல்லத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொள்ளலாம். தாய்க்கும் ஓரளவு விடை உண்டு. மகன் காசு கட்டிப் படிப்பது அடி வாங்கவுமன்று, அடி கொடுக்கவுமன்று. ஓர் அடி எவ்வளவு பாரமானது என்பதை அறிந்து வைத்திருக்கவே. அதனை அறிந்தவன் எளிதிற் கையோங்க மாட்டான். கூட்டம் கையோங்கும்போது அதனோடு சேரவும் மாட்டான். ஒருநாள் அயல்வீட்டான் ஓடி வந்து கதவைத் தட்டினால், எவ்வினத்தவனாயினும் அவனுக்குக் கதவைத் திறப்பான். தித்தனைப் போல மனம் மாறுபட்டு நிற்கும் பெற்றோரும் ஒருமுறை பயிற்சிக் கூடத்து வாயிலில் நின்று அப்பயிற்சியைப் பார்த்தல் நன்று. மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், உயர்ந்த கை எவ்வாறு இறங்குகின்றது என்பதைக் கண்டு செல்வர்.